மழையில் வாரணவாசிக்கு சைக்கிள் பயணம்

கேள்வி: பெரம்பலூரிலிருந்து நண்பர்கள் சேர்ந்து அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு சைக்கிளில் போகலாமென்று இருக்கிறோம். ஐப்பசி மழை பயமுறுத்துகிறது. தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம், போய் வாருங்கள். அரியலூருக்கே சுமார் 30 கிலோமீட்டர். அருங்காட்சியகம் ஊரைத் தாண்டி வாரணவாசியில் இருக்கிறது. மழையைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு. அவை சிந்திப்போகும் தூள் தூறலில் குழைந்து, தார்ச்சாலையில் வழுக்கும். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது என்பதால் ஒருவர் பின் ஒருவராக, நல்ல இடைவெளி விட்டுப் போங்கள். பின்விளக்கு கட்டாயம். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். குறுக்குவழி என்று கரிசல் காட்டில் மட்டும் இறங்காதீர்கள்! மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டியதுதான்.

அந்த லாரிகள் சுமப்பதும் நீங்கள் பார்க்கப்போவதும் ஒரே கடலின் மிச்சம். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புதான் இன்று சிமென்ட் ஆகிறது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள் என்ற ஓட்டுயிர்கள் கல்லாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அந்த ஓட்டின் வரிகளை நின்று பாருங்கள். இன்னொரு நாள், மரமே கல்லாகிப்போன சாத்தனூர் கல்மரத்துக்கும் போங்கள். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது, 18 மீட்டர் நீளம்.

மழை கழுவிய ஓடைக்கரைகளில் புதைபடிவங்கள் தலைகாட்டும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை எடுத்துப் பையில் போடாதீர்கள்.