எத்தனையாம் பிள்ளை?

பரீட்சை முடிந்து வீடு திரும்பும் சிறுவனை நோக்கி நாம் முதலிற் கேட்கும் வினா, "எத்தனையாம் பிள்ளை?" என்பதே. என்ன கற்றாய் என்று கேட்பார் மிகச் சிலர்.

முன்னர் யான் கற்பித்த ஒரு பாடசாலையிலே, இரண்டாம் வகுப்பிற் புள்ளிகளை வரிசைப்படுத்தி உரக்க வாசிப்பது என் வழக்கம். ஒருநாள், கணக்குத் தெரியாது விழித்த தோழன் காணாதபடி ஒரு சிறுவன் தன் கொப்பியைக் கையால் மறைத்தான். காரணம் வினவினேன். "சொல்லிக் குடுத்தா அவன் என்னை முந்திப் போடுவான், சேர்" என்றான். அப்பாடத்தை அவனுக்குப் புகட்டியவன் யானே என்றுணர்ந்து வெட்கினேன்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், உரோமாபுரியிலே சான் லொறென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். 1939இல் இந்தியாவுக்கு வந்து பல்லாண்டு தங்கிய அவர், 1944இல் நம் இலங்கைக்கும் வந்தார். அவர் முறையிலே மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒரே அறையிற் கூடியிருப்பர். பரிசுமில்லை, தண்டனையுமில்லை. கருவி ஒவ்வொன்றிலும் ஒன்றே வைக்கப்படும். ஒருவன் எடுத்தால் மற்றவன் தன் முறை வரும்வரை காத்திருப்பான். மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்தும் பிள்ளை தவறினால், எஞ்சிய உருளை பொருந்தாது நின்று பிழையைக் காட்டிவிடும். அதனைத் திருத்த ஆசிரியரின் கோபமோ அயலானின் தோல்வியோ வேண்டியதில்லை. மூத்த பிள்ளை இளையதற்கு வழிகாட்டும். காட்டுந்தோறும் தன் அறிவும் தெளிவுறும்.

போட்டியில்லையேல் பிள்ளைகள் சோம்பேறிகளாகாரோ எனச் சிலர் ஐயுறுவர். யானும் ஐயுற்றேன். ஆயினும் வரிசை வாசிப்பதை நிறுத்தி, நால்வரை ஒரு பாயில் இருத்தி, நால்வருக்கும் பொதுவாக ஒரு குவியல் புளியங்கொட்டை கொடுத்தேன். நால்வருக்கும் விளங்கிய பின்னரே அடுத்த கணக்கு என்றேன். முதற் கிழமை சச்சரவே மிகுந்தது. தவணை முடியுமுன், கொப்பியை மறைத்த அதே சிறுவன் தன் தோழனுக்குக் கொட்டைகளைப் பத்துப் பத்தாய் அடுக்கிக் காட்டக் கண்டேன். அவன் கணக்குக் குன்றவில்லை. தோழனோ கணக்குக் கற்றான்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நாம் ஒருவராய் அகற்ற இயலாது. அதன் நிழல் அரிவரி வகுப்பு வரை நீளாது காத்தல் நமக்கு இயலும்.

பழைய மாணவர்களே, எத்தனையாம் பிள்ளையாய் வந்தோம் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். அருகிருந்து சொல்லித் தந்த தோழனை மறந்தோமா? இன்று மாலை உங்கள் பிள்ளை வீடு வந்ததும், "இண்டைக்கு ஆருக்கு என்ன சொல்லிக் குடுத்தாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.