நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்: கத்தியும் கதிரும்

"கேன்சர் நுரையீரலுக்குப் பரவிடுச்சாம், இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல." சேலம், நாமக்கல் பக்கம் இப்படிச் சொல்லி நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவோர் உண்டு. நண்பர்களே, அந்த முடிவுக்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை கட்டிகள்?

எலும்பிலோ குடலிலோ தோன்றிய புற்றுநோயின் செல்கள் இரத்தத்தோடு வந்து நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடுகின்றன. ஐம்பது கட்டி இருப்பதும் இரண்டே கட்டி இருப்பதும் ஒன்றல்ல. 1995-ல் ஹெல்மன், வைக்சல்பாம் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இந்தச் சொற்பப் பரவலுக்குத் தனிப்பெயரே வைத்தார்கள்.

ஓரத்துக் கட்டியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிடலாம். ஆழத்தில் பட்டாணி அளவு கட்டி இருந்தால்? அதற்காக ஒரு மடலையே எடுப்பதா? அங்கே கதிர்வீச்சு கைகொடுக்கும். பல கோணங்களிலிருந்து மெல்லிய கற்றைகளைப் பாய்ச்சுவார்கள். வழியிலுள்ள திசு கொஞ்சமே வாங்கும், எல்லாம் சந்திக்கும் புள்ளிக்கு முழு அளவும் சேரும். மூன்று முதல் ஐந்து தடவையில் சுமார் 50 கிரே. இதை நுரையீரல் முழுவதற்கும் கொடுத்தால் ஆள் தாங்கமாட்டார்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஜாப் ஆடுகிறது! நெஞ்சை லேத் சக்கில் பிடிக்க முடியாதே. மூச்சோடு கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நகரலாம். அதனால் மூச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் சி.டி. படம் எடுத்து, அதற்கேற்ப எல்லை குறிக்கிறார்கள்.

ஆக, ஒரு பக்கம் அறுவை, மறுபக்கம் கதிர் என்று பிரித்துச் செய்யலாம். எலும்பில் தோன்றும் ஆஸ்டியோசார்க்கோமா கதிருக்கு எளிதில் மசியாது. அதற்குக் கத்திதான் முதலில். கண்ணுக்குத் தெரியாத துகள்களுக்கு மருந்தும் தேவைப்படும்.

பலன் உண்டா? ஒன்று முதல் ஐந்து பரவல் கட்டிகள் (நுரையீரலில் மட்டுமல்ல) உள்ள 99 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-ல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு குறிபார்த்த கதிரும் பெற்றவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் சுமார் 42 சதவீதம், பெறாதவர்களில் 18. ஆனால் கதிர் பெற்ற 66 பேரில் மூவர் சிகிச்சையின் விளைவாலேயே இறந்திருக்கலாம் என்பதையும் மறைக்கக் கூடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-லேயே கோபால்ட்-60 இயந்திரம் வந்துவிட்டது. இன்று பல ஊர்களில் லீனியர் ஆக்சிலரேட்டர் ஓடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று மருத்துவமனைக் கவுண்டரிலேயே கேட்கலாம். போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் விடாமல் எடுத்துச் செல்லுங்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை அவற்றை ஒப்பிட்டுத்தான் டாக்டர் பார்ப்பார்.