நிலவேம்புக் கஷாயம்: சண்டை யாருக்கு, காய்ச்சல் யாருக்கு?

ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் போதும். பாளையங்கோட்டையில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், நிலவேம்பு குடிச்சா டெங்கு வராதுல்லா?" அதே வாரத்தில் இன்னொருவர் வருவார். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஐயா, நிலவேம்பு குடிச்சா பிள்ளை பிறக்காதுங்காவளே, நெசமா?" என்பார். இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இதை உங்களுக்குச் சொன்னது யாரு?"

மருத்துவர் சொன்னார் என்று ஒருவரும் சொன்னதில்லை. மேடையில் பேசினார்கள், டி.வி.யில் வந்தது, வாட்ஸ்அப்பில் வந்தது என்றுதான் பதில் வரும்.

நான் சித்த மருத்துவன். 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ஆகவே நிலவேம்புக்கு வக்காலத்து வாங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அதில் தப்பில்லை. வாங்கத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் சில பேரோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. அதில் எங்கள் ஆட்களும் உண்டு!

முதலில் அந்தக் கஷாயம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று இன்னும் எட்டுச் சரக்கு அதோடு சேரும். வேப்பமரத்துக்கும் நிலவேம்புக்கும் சொந்தபந்தம் கிடையாது. கசப்பில்தான் ஒற்றுமை. சுரத்துக்கு இதை வைத்தியர்கள் காலம் காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் 'டெங்கு' என்ற பெயர் எங்கள் நூல்களில் இல்லை. நூல் சொல்வது சுரத்தை. டெங்குவுக்கு என்று சொல்ல வேண்டுமானால் அதை நாம்தான் இன்றைக்குச் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2006-ல் சிக்குன்குனியா வந்து ஊர் ஊராக ஆட்களை முடக்கிப் போட்டபோதுதான் இந்தக் கஷாயம் வைத்தியசாலையை விட்டுத் தெருவுக்கு வந்தது. 2012-ல் டெங்கு. அந்த வருஷம் தமிழ்நாட்டிலேயே அதிகமாக அடிபட்டது நம் ஜில்லாதான். கடையநல்லூர் அப்போது திருநெல்வேலி மாவட்டம்; 2019-ல்தான் தென்காசியோடு போனது. அங்கிருந்து காய்ச்சல்காரர்களை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். மத்திய அரசின் கணக்குப்படி அந்த ஆண்டு தமிழகத்தில் 12,000 பேருக்கு மேல் டெங்கு, இறந்தவர்கள் 66 பேர். மாநில அரசு நிலவேம்புக் குடிநீரோடு பப்பாளி இலைச் சாறு, மலைவேம்பு இலைச் சாறு இரண்டையும் பரிந்துரைத்தது. எங்கள் மருத்துவத்துக்கு அரசு மரியாதை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். இல்லையென்று சொன்னால் பொய்.

2017-ல் மறுபடியும் டெங்கு. இந்தத் தடவை 23,000 பேருக்கு மேல். பத்திரிகைகள் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதின. கொசு கடித்து வரும் காய்ச்சலில் என்ன மர்மம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை! எல்லாக் கட்சிக்காரர்களும், ரசிகர் மன்றத்தாரும் முச்சந்தியில் அண்டாவை வைத்தார்கள். அந்த அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், முறையான ஆய்வு வரும்வரை நிலவேம்பை விநியோகிக்க வேண்டாம் என்று தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். அந்த ஆய்வை அலோபதிக்காரர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்றும் சொல்லியிருந்தார். உடனே போலீஸில் புகார், டி.வி.யில் காரசார விவாதம். எங்கள் தரப்பிலும் பலருக்குக் கோபம்.

எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டவர் நடிகர் என்பதால் கேள்வி தப்பாகிவிடுமா? 2006-க்கும் 2017-க்கும் நடுவில் பதினோரு வருஷம். எத்தனை லட்சம் பேர் அந்தக் கஷாயத்தைக் குடித்திருப்பார்கள்! நான் போய்ப் பார்த்த எந்த முகாமிலும் குடித்தவர் பெயரை ஒரு நாற்பது பக்க நோட்டில்கூட எழுதவில்லை. இந்தத் தெருவில் குடித்தவர் இத்தனை, குடிக்காதவர் இத்தனை, அதில் காய்ச்சல் கண்டவர் எத்தனை என்று எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. ஊற்றிக் கொடுக்க ஆள் இருந்தது, போட்டோ எடுக்கவும் ஆள் இருந்தது. எழுதத்தான் ஆள் இல்லை.

ஆய்வே இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலவேம்புக் குடிநீர்ச் சரக்கிலிருந்து எடுத்த சாரம், சோதனைச்சாலையில் வளர்த்த செல்களில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைத் தடுத்ததாக 2020-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை அச்சாகியிருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் அது சாராயத்தில் எடுத்த சாரம். நாம் குடிப்பது தண்ணீரில் காய்ச்சிய கஷாயம். கண்ணாடிக் குடுவையில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்துவிடாது. அடுத்த படியை ஏறியாக வேண்டும். 'நிரூபணம் ஆகிவிட்டது' என்று எங்கள் ஆட்கள் தண்டோரா போடுவதும், 'வெறும் கசப்புத் தண்ணி' என்று அலோபதி நண்பர்கள் உதட்டைப் பிதுக்குவதும் ஒரே மாதிரி அவசரம்தான்.

சரி, அந்தப் பிள்ளைப் பேறு சமாச்சாரம்? 1990-ல் ஆண் எலிகளுக்கு நிலவேம்பு இலைப்பொடியைப் பல வாரம் விடாமல் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு உற்பத்தி பாதிக்கப்பட்டது என்று எழுதினார்கள். 1997-ல் இன்னோர் ஆய்வில் அப்படி ஒரு கெடுதலும் காணவில்லை. காய்ச்சலுக்காக ஐந்து நாள் அளவோடு குடிக்கிற மனிதர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் காப்பி மாதிரிக் குடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

என் பெரிய சண்டை இது எதிலும் இல்லை. தண்ணீரில் இருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் ஜனங்கள் என்ன செய்வார்கள்? தார்சாவில் நாலு குடம், புறவாசலில் டிரம், குளிமுறியில் சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைப்பார்கள். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? பொதிகையில் பிறந்து வருஷம் முழுக்க ஓடும் தாமிரபரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடத்துக்கு வரிசையில் நிற்கும் தெருக்கள் நம்மிடம் இருக்கின்றன. 2017-ல் கொசுப்புழு இருந்த வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் அபராதம் போட்டார்கள். சிங்கப்பூரிலும் போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும். அப்படியிருந்தும் அவர்களுக்கே டெங்கு முழுசாக ஒழியவில்லை என்றால் நம் பாடு எப்படி?

குழாயில் தண்ணீர் கொடுக்க வருஷக்கணக்காகும், கோடிக்கணக்கில் செலவாகும். அண்டாவில் கஷாயம் காய்ச்ச ஒரு காலைப்பொழுது போதும். எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் மருந்தை அரசியல்வாதிகள் கையில் எடுத்ததில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். குடித்துவிட்டுத் தெருவில் எறிந்த பிளாஸ்டிக் கப்பில் மழைத் தண்ணீர் தேங்கினால், அதுவே கொசுவுக்குத் தொட்டில் என்பதையாவது கொடுத்தவர்கள் யோசித்திருக்கலாம்.

தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வேறு வழி இல்லாதவர்களிடம் அதைச் சொல்வது அநியாயம். வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. குடத்துக்கும் டிரம்முக்கும் துணி கட்டுங்கள். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பழைய உரல், சிரட்டை, டயர், மணி பிளாண்ட் பாட்டில் எல்லாவற்றையும் கவனியுங்கள். காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

இனி கஷாயம். சூரணத்தை மருந்துக்கடையிலோ அரசு மருத்துவமனை சித்தா பிரிவிலோ வாங்குங்கள். ஐந்து கிராமை 200 மில்லி தண்ணீரில் போட்டு, 50 மில்லியாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். பெரியவர்கள் காலையும் மாலையும் புதிதாகக் காய்ச்சிக் குடிக்கலாம். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காலையில் காய்ச்சியதைச் சாயங்காலம் வரை வைத்திருந்து குடிக்காதீர்கள்.

கஷாயம் குடிக்கிறோமே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டில் பெரியவர்கள் 'லங்கணம் பரம ஔஷதம்' என்று காய்ச்சல்காரரைப் பட்டினி போடுவார்கள். டெங்குவில் அது ஆகாது. கஞ்சித் தண்ணீர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் கூடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

எல்லாரும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு பப்பாளி இலைக்கு அலைகிறார்கள். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அதில் இல்லை. ரத்தத்தில் உள்ள நீர் குழாய்களை விட்டுக் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, நாடி விழுவதில்தான் ஆபத்து. அது நடப்பது காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது! "சூடு விட்டுட்டு டாக்டர், இனி பயமில்லை" என்று வீட்டார் மூச்சு விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நேரம். விடாத வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கைகால் சில்லிட்டுப் போதல், பிள்ளை சோர்ந்து கண்ணைச் சொருகுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருத்தல் — இதில் ஒன்று கண்டாலும் கஷாயத்துக்கு அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.