பசுவின் பெருவயிறும் பசுந்தழையும்

கறவை மாடு வளர்ப்போர் பலரும், பாலைப் பெருக்கப் பிண்ணாக்கையும் தவிட்டையும் மிகுதியாக வைத்தாற் போதும் என்று கருதுகின்றனர். தொட்டியில் இட்ட தீனி எவ்வளவு பாலாகும் என்பது மாட்டின் வயிற்றினுள் நடைபெறும் வேலையைப் பொறுத்தது. அவ்வேலையை அறிந்து தீனியிடுவோருக்குச் செலவு குறையும், மாடும் நலமுறும்.

பெருவயிற்றின் தொழில்

மாட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதல் அறையாகிய பெருவயிறு, பெரிய கலப்பினப் பசுவில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடியது. வைக்கோலிலும் புல்லிலுமுள்ள நார்ப்பொருளைச் செரிக்கவல்ல நீர் எதனையும் மாடு தானே சுரப்பதில்லை. பெருவயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே அதனைச் சிதைத்துப் புளிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் இரத்தத்திற் கலந்து, மாட்டுக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை அளிக்கின்றன. பாலின் கொழுப்புக்கு அசெட்டிக் அமிலம் முக்கியமானது. இந்நுண்ணுயிர்களும் இறுதியில் நான்காம் அறையையும் சிறுகுடலையும் அடைந்து, செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே நாம் இடும் தீனி முதற்கண் நுண்ணுயிர்களுக்கே உணவாகும் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வைக்கோலுக்குத் துணை

நெல் வைக்கோலில் புரதம் 100-க்கு 3 அல்லது 4 பங்கே உண்டு. நுண்ணுயிர்கள் தம் தொழிலைச் செவ்வனே செய்வதற்குத் தீவனத்தில் ஏறத்தாழ 7 பங்கேனும் இருத்தல் வேண்டும். இது குறையும்போது வைக்கோல் செரியாமல் நெடுநேரம் தங்கிவிடும். மாடு மேலும் தின்னாது. வயிறு நிறைந்திருந்தும் மாடு மெலிவது இதனாலேயாம்.

இக்குறையைத் தீர்க்க அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, வேலிமசால் ஆகியவை கைகொடுக்கும். இவற்றின் தழையில், உலர்ந்த எடைக்கு, 100-க்கு ஏறத்தாழ 20 பங்கு புரதம் உண்டு. கறவைப் பசு ஒன்றுக்கு நாள்தோறும் 3 முதல் 5 கிலோ பசுந்தழையை வைக்கோலுடன் கொடுத்துவரின், அதே வைக்கோல் நன்கு செரிக்கும். பிண்ணாக்குச் செலவிலும் ஒரு பகுதி மீதமாகும். சூபாபுலில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருத்தலால், மொத்தத் தீவனத்தில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. கிளைரிசிடியாவின் வாடையை வெறுக்கும் மாடுகளுக்கு, தழையை ஒரு நாள் வாடவைத்துக் கொடுக்கலாம்.

விருந்துச் சோற்றால் விளையும் கேடு

பொங்கல், திருமணம் முதலிய நாட்களில் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் மாட்டுக்குக் கொட்டுவது நம்மிடையே வழக்கம். அன்பினாற் செய்யப்படினும் இது மாட்டின் உயிருக்கே உலையாகலாம். மாவுச்சத்து ஒரே வேளையில் மிகுந்தால் பெருவயிற்றில் லாக்டிக் அமிலம் பெருகும். நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீரே அமிலத்தைத் தணிக்கும் இயற்கை மருந்து. சோற்றை மென்று அசைபோட வேண்டியதில்லை; எனவே அம்மருந்தும் குறைகிறது.

அசைபோடாமை, வயிறு உப்புதல், நீராகக் கழிதல், தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன், விடியட்டும் என்று காத்திராமல், கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. புதிய தீவனம் எதனையும் சிறிது சிறிதாகத் தொடங்கி, 10 முதல் 14 நாட்களில் முழு அளவுக்குக் கொண்டுவருக.
2. அடர்தீவனத்தை ஒரே வேளையில் வையாது, காலையும் மாலையும் பிரித்து வைக்க.
3. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை அறவே விலக்குக; அதன் நஞ்சு பாலிலும் கலக்கும்.
4. குடிநீர் எந்நேரமும் கிடைக்கச் செய்க.

ஊராட்சியின் பங்கு

நிலமில்லாதவர் வீட்டிலும் ஒரு பசு உண்டு. ஆனால் தழைக்கு மரம் இராது. ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கருத்திற்கொண்டு, விதிகளுக்குட்பட்டுப் பொது இடங்களிலும் பள்ளி வேலியோரங்களிலும் மழைக்காலத் தொடக்கத்தில் தழைமரங்களை நடச் செய்யலாம். தழையை ஒடிக்கும் முறையையும், எவர் எந்நாளில் எடுப்பது என்பதையும் கிராம சபையில் முடிவுசெய்து கொள்ளுதல் நலம். விவசாயிகளும் தத்தம் வேலியில் பத்து மரமேனும் வைத்தால், கோடையிலும் மாட்டுக்குப் பச்சை கிடைக்கும். பால் வருவாயும் குறையாது நிற்கும்.