மணலைக் கட்டும் இராவணன் மீசை

கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடந்தவர் எவரும் இராவணன் மீசையை மறந்திருக்க மாட்டார். ஈட்டிமுனை போன்ற அதன் இலை உள்ளங்காலில் ஒருமுறை தைத்துவிட்டால், பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் தானாகவே தரையை நோக்கும். முற்றிய இப்புல்லை மாடு மேய்வதில்லை. பாய் முடைய உதவும் கோரையைப்போல் இது வளைந்து கொடுப்பதுமில்லை. உழவருக்குத் தீவனமாகவோ நெசவாளருக்கு நாராகவோ பயன்படாத ஒரு புல்லைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் உவர்க்காமல் நிற்பதற்கும் இப்புல்லுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே அதற்கு விடை. அதனை அறியாமல், வெறும் முட்புதர் என்று இதனை வெட்டியெறிந்து, மணல்மேட்டையும் சமன் செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே இதனை ஆராய்வோம்.

தாவர நூலார் இதற்கு ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் என்று பெயரிட்டுள்ளனர். முதற்சொல்லுக்கு முள்ளை உண்டாக்குவது என்றும், அடுத்த சொல்லுக்குக் கடற்கரைக்குரியது என்றும் இலத்தீனில் பொருள். முதற்பெயர் 1771-இல் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் சூட்டியது. நம்மவர் இட்ட பெயரே பொருத்தமானது என்பது என் எண்ணம். புதரை ஒருமுறை பார்த்தவர் முறுக்கிவிட்ட மீசையை நினையாமல் இருக்க முடியாது. சிங்கள மக்களும் இதனை இராவணனின் தாடி என்று பொருள்படும் பெயராலேயே வழங்குகின்றனர்.

இந்தியா, இலங்கை தொடங்கி மியான்மர், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்சீனம், தைவான் வரையிலும் வெப்பமான கடற்கரைகளில் இப்புல் காணப்படுகிறது. நம் நாட்டில் மாமல்லபுரம், வேதாரண்யம், கோடியக்கரை, தனுஷ்கோடி, மணப்பாடு முதலிய இடங்களின் மணற்பரப்பில் இதனைக் காணலாம். அங்கும் எல்லா இடத்திலும் இது வளர்வதில்லை. அலை தினந்தோறும் ஏறி இறங்கும் ஈரமணலில் இதற்கு இடமில்லை. அதற்குச் சற்று மேலே, உலர்ந்த மணல் தொடங்கும் இடத்தில், ஊதாப் பூப்பூக்கும் அடப்பங்கொடியுடன் கலந்து இது தோன்றும். கடலை நோக்கிய மணல்மேட்டின் சரிவும் உச்சியும் இதன் சொந்த ஊர். கழிமுகச் சேறு இதற்கு ஆகாது. மரநிழலிலும் இது செழிப்பதில்லை.

இனி இது செய்யும் வேலையைப் பார்ப்போம். இதன் தண்டு மணலின்மீது கொடிபோல் பல அடி நீளம் ஓடுகிறது. கணுவுக்குக் கணு கீழே வேரும், மேலே இலைக்கொத்தும் விடுகிறது. தறியில் பாவு நீளவாட்டில் ஓட, ஊடை அதனைக் குறுக்கே பிணைத்துத் துணியாக்குகிறதல்லவா? மணல்மேட்டில் கொடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல திசைகளிலும் ஓடி, வேர்கள் அவற்றைத் தரையோடு பிணைக்கின்றன. மணல் மூடினால் பிற செடிகள் மூச்சடைத்து மடியும். இதுவோ புதைந்த கணுவிலிருந்தே மறுபடி தளிர்த்து மேலே வருகிறது. மீண்டும் மணல் சேர, மீண்டும் இது எழுகிறது. மேடு வளர்வது இவ்விதமே.

முழ உயரமே உள்ள புல் அவ்வளவு மணலை எங்ஙனம் தடுக்கும் என்ற ஐயம் எழலாம். காற்றில் மணல் செல்லும் விதத்தை ஆங்கிலேயப் பொறியாளர் பாக்னால்டு பாலைவனத்திலும் சோதனைக்கூடத்திலும் ஆராய்ந்து 1941-இல் ஒரு நூல் வெளியிட்டார். மணல் பெரும்பாலும் மேகம்போல் உயரே பறப்பதில்லை. மணிகள் தரையை ஒட்டித் தத்தித் தத்தியே செல்கின்றன என்பது அவ்வாராய்ச்சியின் ஒரு முடிவு. ஆகவே தரையோடு தரையாகக் காற்றின் வேகத்தைக் குறைப்பதற்குத் தாழ்ந்த, அடர்ந்த புல்லே ஏற்றது. கீழ்க்கிளை கழித்த மரங்களினூடே காற்று தடையின்றிப் புகுந்துவிடும். தடையற்ற மணல் என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள மணற்காட்டில் பார்க்கலாம். அங்கே பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் மணலில் புதைந்து நிற்கின்றன.

தண்ணீருக்கு வருவோம். மழைநீர் மணல்மேட்டில் ஓடி வீணாகாமல் உள்ளே இறங்குகிறது. இறங்கிய நன்னீர், உப்புநீரைவிட எடை குறைந்ததாதலால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. இதன் கணக்கை ஹாலந்து தேசத்துப் பாடன் கைபன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே கண்டு எழுதினர். கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால் அச்சந்தரும். மேல்மட்டம் ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏற இடமுண்டு. மேட்டை வெட்டித் தாழ்த்தினால் நன்னீர் உயர்ந்து நிற்க இடமின்றிப் போகிறது. எண்ணெய் எஞ்சினை வைத்து இடைவிடாது இறைத்தாலும் அதே கேடுதான். மணற்பாங்கான நிலத்தில் மாவும் மல்லிகையும் கடலையும் பயிரிடுவோருக்கு இதனைச் சொல்லவேண்டியதில்லை. நூலுக்குச் சாயம் தோய்ப்போருக்கும் நல்ல தண்ணீர் இல்லாவிடில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. சாயமும் சீராக ஏறுவதில்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின்னர், கடலோரத்தில் மரவேலி வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பல இடங்களில் சவுக்கு நடப்பட்டது. சவுக்கை நான் குறை கூறவில்லை. கம்புக்கும் விறகுக்கும் அது நல்ல வருமானம் தரும் பயிர். ஆனால் மேட்டைச் சமன் செய்து, இருந்த புல்லையும் கொடியையும் பெயர்த்தெடுத்து, அலையோரம் வரையில் சவுக்கை நிரப்புவது, சுவரை இடித்துவிட்டுக் கதவு மாட்டுவதை ஒக்கும். சவுக்கின் சருகு மெத்தைபோல் விழுந்து மூடுவதால் அடியில் புல் மீண்டும் தலையெடுப்பதில்லை. முட்டையிடக் கரையேறும் கடலாமைகளுக்கும் திறந்த மணல் கிடைப்பதில்லை. சவுக்கு மேட்டிற்குப் பின்னே, ஊர்ப்பக்கம் இருக்கட்டும். 2011-லும் 2019-லும் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்த்துள்ளன என்பதையும் அங்கத்தினர் நினைவில் வைத்தல் நலம்.

மேடு ஏற்கெனவே குலைந்துவிட்ட இடங்களில் புல்லைத் திரும்பக் கொணர்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கி மணல் நனைந்ததும், மூன்று நான்கு கணுக்கள் உள்ள கொடித்துண்டுகளை வெட்டி, இரண்டு கணுக்கள் மணலுக்குள் நன்கு புதையுமாறு நடவேண்டும். காற்று வரும் பக்கத்தில் பனையோலையால் தாழ்வான வேலி கட்டினால் மணல் அங்கே தங்கும். வேர் பிடிக்கும் வரை ஆட்களும் வண்டிகளும் அவ்வழியே செல்லாமல் ஒரு தடம் மட்டும் விட்டு மற்றதை அடைத்தல் அவசியம். செழித்த மேட்டிலிருந்து கொடி எடுப்போர் ஒரே இடத்தில் வெட்டாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பது முறை.

இன்னொன்று. இப்புல்லில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஒரே செடியின் கொடிகளை மட்டும் நட்டால் விதை பிடிக்க வழியில்லை; இரண்டிலிருந்தும் எடுக்கவேண்டும். பெண்செடியை அறிவது எளிது. முட்கள் சிலிர்த்த பெரிய பந்துபோல் அதன் கதிர் இருக்கும். முற்றியதும் காம்பு ஒடிந்து, காற்றில் கரை நெடுகிலும் உருண்டோடும். பிள்ளைகள் துரத்திப் பிடித்து விளையாடும் பந்து அதுவே.