விண்வெளியில் ஓர் இயந்திரத் தோழி

பேராக் மாநில இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பயன்படுத்திய பால் வெட்டும் கத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? அது மனிதக் கைக்கு ஏற்றவாறு செய்யப்பட்ட கருவி. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் உள்ள கருவிகள், பொத்தான்கள், கைப்பிடிகள் ஆகியனவும் அவ்வாறே மனிதக் கைக்கென அமைக்கப்பட்டவை. எனவேதான், விண்வெளி வீரருக்கு உதவும் இயந்திரத்திற்கு அறிவியலாளர்கள் மனித உருவம் கொடுத்தனர்.

அமெரிக்காவின் ‘ரோபோநாட் 2’ 2011ஆம் ஆண்டு அந்நிலையத்தைச் சென்றடைந்தது. சலிப்பூட்டும் பணிகளையும் ஆபத்தான பணிகளையும் அதனிடம் ஒப்படைப்பதே நோக்கம். 2014ஆம் ஆண்டு அதற்குக் கால்கள் பொருத்தப்பட்டன. அவை நடப்பதற்கு அல்ல; எடையற்ற சூழலில் கைப்பிடிகளைப் பற்றிக்கொள்வதற்கு! ஆயினும், பின்னர்க் கோளாறு ஏற்பட்டதால் 2018ஆம் ஆண்டு அது பூமிக்குத் திரும்பியது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு ‘வியோமித்ரா’வை அறிமுகப்படுத்தியது. ‘விண்வெளித் தோழி’ என்பது அப்பெயரின் பொருள். பெண் உருவம் கொண்ட இவ்வியந்திரத்திற்குக் கால்கள் இல்லை. ககன்யான் திட்டத்தில் வீரர்கள் செல்வதற்கு முன், ஆளில்லா விண்கலத்தில் இதனை அனுப்பத் திட்டமிட்டுள்ளனர். கலத்தின் நிலையைக் கண்காணித்து, ஆபத்து நேர்ந்தால் எச்சரிப்பது இதன் பணி. கலத்தில் குறை இருப்பின் பாதிக்கப்படுவது இயந்திரமே. மனித உயிர் காக்கப்படும்.

இயந்திரம் மனிதனின் இடத்தைப் பறிப்பதில்லை. 2007ஆம் ஆண்டு அந்நிலையத்திற்குச் சென்ற நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர், அங்கு அறிவியல் ஆய்வுகளை மேற்கொண்டார். அத்தகைய ஆய்வுகளுக்கு வீரர்கள் கூடுதல் நேரம் பெறவே இயந்திரங்கள் துணைநிற்கின்றன.