பேனா ஆசையும் பர்ஸும்: ஹாபிக்குத் தனி பட்ஜெட் போடுவது எப்படி?

எனக்கு ஃபவுண்டன் பேனான்னா பைத்தியம். ரெண்டு வருஷம் முன்னாடி, 14 காரட் தங்க நிப் உள்ள பேனா ஒண்ணை 18,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டுல வாங்கினேன். "தங்கம்தானே, இதுவும் முதலீடுதான்"னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அடுத்த மாசமே அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு வந்துச்சு. கையில காசு இல்லை. பேனாவை விக்கப் பார்த்தா, பாதி விலைக்குக்கூட ஆள் கிடைக்கலை.

14 காரட்டுன்னா 58.5 சதவீதம்தான் தங்கம். அதுவும் நிப் அளவுக்குத் துளியூண்டு. பேப்பரைத் தொடுற முனை தங்கமே இல்லை; சீக்கிரம் தேயாத வேற உலோகக் கலவை. ஆக, பேனா ஒரு செலவு. அதை ஒத்துக்கிட்டாத்தான் திட்டம் போட முடியும்.

இப்போ என்னோட 3 விதிகள்:

1. எமர்ஜென்சி ஃபண்ட், எஸ்ஐபி ரெண்டுக்கும் ஒதுக்கின பிறகு, மாசம் 500 ரூபாய் தனி ஆர்டியில் போடணும். வருஷத்துக்கு 6,000 ரூபாய், கூட கொஞ்சம் வட்டி. அதுக்குள்ளதான் அடுத்த பேனா.

2. நோ-காஸ்ட் இஎம்ஐ வேண்டாம். வட்டி அளவுக்குத் தள்ளுபடி கிடைச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் பெரும்பாலும் நம்ம தலையிலதான் விழும்.

3. எழுதாத பேனா வீட்டுல இருந்தா புதுசு கிடையாது. மை நிரப்பிச் சும்மா வச்சா காய்ஞ்சு அடைச்சுக்கும்.

இந்த வருஷ ஆர்டி முடிஞ்சதும், திருவள்ளூர்ல கையால கடைஞ்சு செய்யுற எபோனைட் பேனா வாங்கினேன். கடன் ஒரு பைசா இல்லை.

உங்க ஆசை ஷூவா இருக்கலாம், ஹெட்ஃபோனா இருக்கலாம். இந்த மாச சம்பளம் வந்ததும் அதுக்கு ஒரு ஆர்டி தொடங்கிடுங்க.